பனிக்காலையில் ஆற்றங்கரைக் காடு

மார்கழி, தை மாதங்களில் போச்சம்பள்ளியிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் புறப்பட்டவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வயல்வெளியின் நடுவே உள்ள வீடுகளிலிருந்து எழும் அடுப்புப் புகை நேராக மேலே போவதில்லை. ஒரு பனை உயரம் எழும்புகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத கூரை ஒன்றில் முட்டியது போல நின்று, வெளுத்த வேட்டியை விரித்தாற்போல் பக்கவாட்டில் பரவுகிறது. ஒன்பது மணிக்கு மேல் பாருங்கள். அதே அடுப்பு, அதே புகை. ஆனால் தயக்கமே இல்லாமல் வானத்தை நோக்கிப் போய்விடுகிறது. காலையில் புகையைத் தடுத்த கூரை எது? ஒன்பது மணிக்கு அது எங்கே போயிற்று?

இதற்கு விடை தேட ஏற்ற இடம் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதிலும் இரு பக்கமும் மலைச்சரிவும், கரையில் அடர்ந்த மரங்களும் உள்ள இடமாக இருந்தால் மிகவும் நல்லது. உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தினர் இருபது பேர், இரண்டு ஆசிரியர்களுடன் ஒரு நாள் நடை போவதாக வைத்துக்கொள்வோம். எங்கே போகலாம்?

போச்சம்பள்ளிக்கு அருகில் ஓடும் ஆறு தென்பெண்ணை. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையையும் பிறகு கிருஷ்ணகிரி அணையையும் கடந்து வருகிறது. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்தான் பாரூர் பெரிய ஏரியை நிரப்புகிறது. ஆனால் இந்த ஆற்றின் கரையில் நீங்கள் காண்பவை பெரும்பாலும் தென்னையும் மாந்தோப்பும் நெல்வயலும்தான். காடு என்று சொல்லத்தக்கது இங்கே கரையை விட்டு நெடுநாள் ஆயிற்று. கரையோரக் காடு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால், மாவட்டத்தின் மேற்கு ஓரத்துக்கு, காவிரிக்குப் போக வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக மலைகளினூடே இறங்கினால் பிலிகுண்டுலு வரும். கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வரும் காவிரி நீரை மத்திய நீர் ஆணையம் அளப்பது இந்த இடத்தில்தான். 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்ததே, அந்தக் கணக்கு இங்கே பார்க்கப்படுகிறது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.

இங்குள்ள காடு பாதுகாக்கப்பட்ட காடு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 504 சதுர கிலோமீட்டர் பரப்பு 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாகவும், 2022-இல் மேலும் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. ஆகவே நினைத்தபோது நுழைய முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையின் அனுமதி வேண்டும். துறையின் ஆள் ஒருவர் உடன் வரவேண்டும். இந்த விதி வெறும் காகித விதி அன்று. ஏன் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

காற்றின் ஆறு

பகலில் வெயில் பட்டு நிலம் சூடாகிறது. இரவில் அந்த வெப்பத்தை நிலம் கதிர்வீச்சாக வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இக்கதிர்கள் அகச்சிவப்புக் கதிர்கள், கண்ணுக்குத் தெரியா. வானில் மேகம் இருந்தால் அவற்றில் பெரும்பகுதியை உறிஞ்சி மீண்டும் கீழே அனுப்பும். கம்பளி போர்த்தியது போல நிலம் கதகதப்பாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறக்கும் சமயத்தில் வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிவாகிவிடுகிறது. போர்வை போய்விட்டது. நிலம் விரைவாகக் குளிர்கிறது.

நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் அதனுடன் சேர்ந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது, எடை கூடியது. சமவெளியானால் அது அங்கேயே படிந்து கிடக்கும். மலைச்சரிவானால்? தண்ணீர் என்ன செய்யுமோ அதையே இதுவும் செய்யும். சரிவில் மெல்ல வழிந்து, ஓடைகளில் சேர்ந்து, கடைசியில் பள்ளத்தாக்கின் அடிப்பகுதியை நிரப்பும். தண்ணீர் ஓடும் ஆற்றின் மேலே, அதே பாதையில், குளிர்ந்த காற்றால் ஆன இன்னோர் ஆறு இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றை ஆற்றங்கரையில், மற்றொன்றைச் சாலை இறங்கி வரும்போது ஏதேனும் ஒரு மேட்டில் வைத்து ஒரே நேரத்தில் அளவு எடுங்கள். இரண்டையும் நிழலில், தரையிலிருந்து ஒரே உயரத்தில் வைக்க வேண்டும். மேலே போகப் போகக் குளிரும் என்பது பாடம். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5° செ. குறையும் என்பது பொதுக் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர், போச்சம்பள்ளியைவிடக் குளிர்ச்சியாக இருப்பது அதனால்தான். ஆனால் தெளிந்த தைக் காலையில் பள்ளத்தாக்கில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். கரையில்தான் குளிர் அதிகமாக இருக்கும். மேட்டில் குறைவாக இருக்கும். குளிர்ந்த காற்று கீழே, வெதுவெதுப்பான காற்று மேலே. இதற்கு வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று பெயர்.

புகையைத் தடுத்த கூரை இப்போது புரிந்திருக்கும். சூடான புகை, சுற்றியுள்ள காற்றைவிட இலேசாக இருக்கும்வரை மேலேறும். ஏறும்போது குளிர்கிறது. மேலே உள்ள வெதுவெதுப்பான அடுக்கை அடைந்ததும் அதைவிட இலேசாக இருக்க முடியவில்லை. அத்துடன் ஏற்றம் முடிந்தது. சூரியன் ஏறி நிலம் சூடானபின், கீழேயுள்ள காற்று சூடாகிக் கலங்கி, அடுக்குகள் குலைந்துபோகின்றன. ஒன்பது, ஒன்பதரை மணிக்குக் கூரை இல்லை!

ஆற்றின் மேல் எழும் ஆவி

கரையை அடைந்ததும் முதலில் கண்ணில் படுவது, நீர்ப்பரப்பின் மேல் கொதிக்கும் பானையிலிருந்து எழுவது போன்ற வெண்ணிற ஆவி. ஆறு கொதிக்கிறதா? காற்றைவிட அது சூடாக இருக்கிறது என்பது மட்டும் உண்மை. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1° செ. உயர்த்த ஒரு கலோரி வேண்டும். ஒரு கிராம் கருங்கல்லுக்கு ஏறத்தாழ 0.2 கலோரி போதும். எளிதில் சூடாகாதது எளிதில் குளிர்வதும் இல்லை. காற்று 16° என்றால் ஆற்று நீர் 22° இருக்கக்கூடும். வெதுவெதுப்பான நீரிலிருந்து ஆவியான ஈரம், மேலே உள்ள குளிர்ந்த காற்றில் புகுந்ததும் அங்கே அதற்கு இடமில்லை. நுண்துளிகளாகச் சுருங்கிவிடுகிறது. அந்தத் துளிகளே நாம் காணும் வெண்புகை.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. கீழே சில மைல் தொலைவில் உள்ள ஒகேனக்கல்லின் பெயருக்குக் கன்னடத்தில் 'புகையும் கல்' என்று பொருள். அந்தப் புகையும் இதுவும் ஒன்றல்ல. அருவி பாறையில் மோதிச் சிதறும்போது தெறிக்கும் துளிகள் அவை; நடுப்பகல் கத்தரி வெயிலிலும் எழும். நம் வெண்புகைக்கோ குளிர்ந்த காலைப்பொழுது வேண்டும். வெயில் ஏறினால் காணாமற்போகும்.

சத்தம் வளையும் காலம்

விடியலில் ஐந்தாறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோயிலின் ஒலிபெருக்கி, பக்கத்துத் தெருவில் பாடுவது போலக் கேட்கிறது. பகலில் அதே பாட்டுக் கேட்பதே இல்லை. ஊர் அரவம் இல்லாதது ஒரு காரணம். முழுக் காரணம் அதுவன்று.

0° செ. காற்றில் ஒலி நொடிக்கு 331 மீட்டர் செல்கிறது. ஒவ்வொரு பாகை கூடும்போதும் வேகம் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். ஒரு மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரம் கெட்டித் தரையிலும் மற்றது ஆற்று மணலிலும் ஓடினால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? மணல் சக்கரம் பின்தங்கும். வண்டி மணல் பக்கமே திரும்பும். பனிக்காலையில் ஒலியலையின் மேற்பகுதி வெதுவெதுப்பான காற்றில் விரைந்து போகிறது. கீழ்ப்பகுதி குளிர்காற்றில் பின்தங்குகிறது. அலை குளிர்ந்த பக்கமாக, அதாவது தரையை நோக்கி வளைகிறது. வானத்துக்குப் போக வேண்டிய ஒலி தரையோடு தவழ்ந்து நெடுந்தூரம் வருகிறது. பகலில் தரை சூடு. ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது.

இந்த உண்மையை நம்மைவிடத் திறமையாகப் பயன்படுத்தும் விலங்கு இந்தக் காட்டில் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டு அமெரிக்காவில் போர்ட்லண்டு விலங்குக் காட்சிசாலையில், காத்தரின் பெயின் என்ற பெண் ஆராய்ச்சியாளர் ஆசிய யானைகளின் கூண்டருகே நின்றபோது, காற்றில் ஏதோ ஓர் அதிர்வை உணர்ந்தார். காதில் எதுவும் விழவில்லை. பிறகு கருவிகளை வைத்துப் பதிவு செய்தபோது, யானைகள் ஒன்றோடொன்று 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்ணில் பேசிக்கொள்வது தெரிந்தது. மனிதக் காதின் கீழ் எல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழ்ப்பட்டதைக் குற்றொலி என்கிறோம். அவரும் அவருடைய தோழர்களும் இந்த ஆராய்ச்சியை 1986-இல் வெளியிட்டார்கள்.

17 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் என்ன? 340-ஐ 17-ஆல் வகுங்கள்: 20 மீட்டர். இவ்வளவு நீண்ட அலைக்கு இலையும் கிளையும் ஒரு தடையே அல்ல. அடர்ந்த காட்டையும் கடந்து போகும். இதோடு வெப்பநிலைத் தலைகீழ் மாற்றமும் சேர்ந்துவிட்டால்? ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டின் எடோஷா பகுதியில் 1990-களில் இதை ஆராய்ந்தவர்கள், தெளிந்த மாலையிலும் இரவிலும் ஒரு யானையின் அழைப்பு 10 கிலோமீட்டர் வரைகூட எட்டலாம் என்று கணக்கிட்டார்கள். அடுக்குகள் குலையும் நடுப்பகலில் இந்தத் தொலைவு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

நம் நடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? நிறைய உண்டு. ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்து கேழ்வரகு முற்றும் சமயத்தில், கர்நாடகத்தின் பன்னர்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாகத் தேன்கனிக்கோட்டை, ஓசூர் காடுகளுக்கு வருகின்றன. நாளொன்றுக்கு 150 கிலோ உணவு தேவைப்படும் பிராணிக்கு, காட்டுப் புல்லைவிட ஒரே இடத்தில் விளைந்து நிற்கும் கேழ்வரகு எவ்வளவு வசதி! இரவில் வயலில் மேய்ந்துவிட்டு, விடியலில் காட்டுக்கும் நீருக்கும் திரும்புகின்றன. நமக்கு மிக அழகாகத் தோன்றும் அந்தப் பனிமூடிய விடியல்தான் அவை நடமாடும் நேரம். மூடுபனியில் இருபது மீட்டருக்கு அப்பால் நிற்கும் யானைகூடத் தெரியாது. சாம்பல் நிறப் பின்னணியில் ஒரு சாம்பல் நிறப் பாறை, அவ்வளவே.

இதில் இரு தரப்புக்கும் உயிர் போகிறது. இந்த மாவட்டங்களில் யானை தாக்கி மனிதர் இறந்த செய்தி வராத ஆண்டு அரிது. யானைகள் பக்கம் பார்த்தால், 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, நிலத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாக அமைக்கப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் மடிந்தன. அவற்றோடு வந்த இரண்டு குட்டிகள் பிழைத்து நின்றன. இரவெல்லாம் பயிரைக் காத்துக் கண் விழிக்கும் விவசாயியின் நட்டத்தையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஒரு இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோறு போய்விடுகிறது.

எனவே நடை தொடங்க வேண்டியது விடியலில் அன்று. வெயில் ஏறிப் பனி விலகி, நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள மரம் தெளிவாகத் தெரிந்த பிறகு. அதுவரை பேருந்தின் அருகே வெப்பமானியையும் புகையையும் கவனித்துக்கொண்டிருக்கலாம். உடன் வரும் வேட்டைத் தடுப்புக் காவலர், அடிக்கடி குனிந்து ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்ப்பார். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று அறியத்தான். நம் வாசனை எங்கே போகிறதோ அங்கே உள்ள யானைக்கு நம் வருகை தெரியும், விலகிப் போகும். காற்று அங்கிருந்து நம் பக்கம் வீசினால் அதற்கு நாம் வருவது தெரியாது. திடீரென்று திருப்பத்தில் சந்திப்பதே ஆபத்து. மோப்பத்துக்கான மரபணுக்கள் ஆப்பிரிக்க யானைக்கு ஏறத்தாழ 2,000, அதாவது மனிதனைப் போல் ஐந்து மடங்கு என்று 2014-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மூக்கை நம் பக்கம் சேர்த்துக்கொள்வதுதான் காவலரின் கணக்கு.

மெதுவாக நடப்பவர் முன்னே

வரிசையாக நடக்கும்போது, முன்னே போகிறவர்கள் நிதானமாகப் போவதும், கடைசியில் இருப்பவர் ஓடுவதும் நிற்பதுமாகத் தவிப்பதும் வழக்கம். இது கடைசி ஆளின் குற்றமன்று. ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்ய அரை நிமிடம் நின்றால் அவர் பின்னால் உள்ள எல்லாரும் நிற்கிறார்கள். அவர் புறப்பட்டதும் இடைவெளியை ஈடுகட்ட விரைகிறார். அவருக்குப் பின்னால் உள்ளவர் இன்னும் சிறிது விரைய வேண்டியிருக்கிறது. சிறு தடங்கல் வரிசையில் பின்னே போகப் போகப் பெருகுகிறது. நெடுஞ்சாலையில் காரணமே இல்லாமல் வாகனங்கள் தேங்குவதும் இப்படித்தான். மருந்து எளியது: எல்லாரிலும் மெதுவாக நடப்பவரைக் காவலருக்கு அடுத்தபடி முன்னே விடுங்கள். வேகமாக நடப்பவர் பின்னே வந்தால் இடைவெளி விழாது. காட்டில் பிரிந்துபோன இரண்டு சிறு கூட்டங்களைவிட ஒரே கூட்டம் பாதுகாப்பானது.

எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது. மீட்டர் கணக்கில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி. அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. 6 கிலோமீட்டர் பாதை, 150 மீட்டர் ஏற்றம் என்றால் 72 நிமிடமும் 15 நிமிடமும் சேர்ந்து 87 நிமிடம். நெய்ஸ்மித் நின்று நிதானித்து இலையைப் பறித்துப் பார்ப்பவர்களுக்காக விதி செய்யவில்லை. நாம் அதை இரண்டால் பெருக்கி, மூன்று மணி என்று வைத்துக்கொள்வது நல்லது.

உடையைப் பற்றி ஒரு சொல். தடித்த ஒரே கம்பளிச் சட்டையைவிட மெல்லிய இரண்டு சட்டைகள் மேல். இடையில் சிக்கிய காற்றுத்தான் வெப்பத்தைக் காக்கிறது. வேர்க்கத் தொடங்கியதும் ஒன்றைக் கழற்றியும்விடலாம். வேர்வையில் நனைந்த சட்டையோடு நிழலில் உட்கார்ந்தால் ஏன் நடுங்குகிறது? ஒரு கிராம் வேர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இரண்டு காடுகள்

இப்போது பனி விலகிவிட்டது, சுற்றிலும் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு காடுகள் தெரியும். சரிவில் உள்ள காடு பழுப்பேறத் தொடங்கியிருக்கும். வெக்காலி, உசில், கல்மூங்கில், ஆச்சா. கரையை ஒட்டி ஐம்பது நூறு மீட்டர் அகலத்துக்கு மட்டும் கரும்பச்சை நாடா ஒன்று ஆற்றோடு வளைந்து வளைந்து போகும். அதில் மருது, நாவல், புங்கை, அத்தி, புளி.

ஆச்சா இலை ஒன்றை எடுத்துப் பாருங்கள். மந்தாரை இலையை நடுவே கத்தரித்தாற்போல் இரண்டு சிற்றிலைகள் அடியில் மட்டும் சேர்ந்திருக்கும். இந்தியாவின் மிகக் கடினமான, மிகக் கனமான மரங்களில் இது ஒன்று. பாறை இடுக்கில் வேரை ஆழமாக விட்டு வறட்சியைத் தாங்குகிறது. தண்ணீர் குறையும்போது சரிவில் உள்ள மரங்கள் இலையை உதிர்த்துவிடுகின்றன. இலை என்பது நீரை ஆவியாக்கும் பரப்பு. வரவு குறையும்போது செலவைக் குறைக்கும் சிக்கனம் அது. கரையில் உள்ள மருதுக்கு இந்தச் சிக்கனம் தேவையில்லை. ஆற்று நீர் மணலுக்கடியில் பக்கவாட்டில் ஊறிப் பரவியிருக்கிறது. வேர் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை வெயில் காலத்திலும் பசுமைதான்.

மருதை அடையாளம் காண்பது எளிது. வழவழப்பான வெளிர் சாம்பல் நிறப் பட்டை, பெரிய தகடுகளாக உரிந்து விழும். காய்க்கு ஐந்து விளிம்புகள், சிறகுபோல் நீளவாக்கில் இருக்கும். தைமாதத்தில் மரத்தில் பச்சைக் காய்களாகத் தொங்கும். கோடையில் முற்றி உதிரும். இலேசான காய்; நீரில் மிதக்கும். வெள்ளம் அதைக் கொண்டுபோய் ஏதேனும் ஒரு வளைவில் புதிய வண்டலில் ஒதுக்குகிறது. ஆறே இந்த மரத்தை நடுகிறது என்று சொல்லலாம். சங்கப் புலவர்களின் மருதத் திணைக்குப் பெயர் தந்தது இந்த மருதா, ஊதாப்பூப் பூக்கும் பூமருதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் என் ஓட்டு இந்த மருதுக்கே!

மரம் ஆற்றுக்கு என்ன திருப்பித் தருகிறது? வேர்கள் கரையைப் பிடித்துக்கொள்கின்றன. இது எல்லாரும் அறிந்தது. அறியாதது நிழலின் கணக்கு. 20° செ. நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை கரையும். 30° நீரில் ஏழரை மில்லிகிராம்தான். கிளைகள் கவிந்த இடத்தில் நீர் குளிர்ச்சியாக இருக்கும். மீனுக்கு மூச்சுவிட வசதி. காவிரிப் படுகைக்கே உரிய, முதுகில் திமில் உள்ள பெரிய மகசீர் கெண்டை எது என்று 2018-இல்தான் அறிவியல் முறைப்படி உறுதிசெய்யப்பட்டது. உலகில் வேறெங்கும் இல்லாத இந்த மீன் இப்போது அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

கரைப்பாறைகளின் மேல் மீன் செதில்கள் நிறைந்த எச்சம் கிடந்தால் அது நீர்நாயின் முகவரி. மணல்திட்டில் வெயில் காயும் கட்டை போன்ற ஒன்று வாயைத் திறந்துகொண்டிருந்தால், அது கட்டையல்ல, முதலை. அதன் உடல் தானே வெப்பத்தை உண்டாக்கிக் காத்துக்கொள்ளாது. குளிர்காலக் காலைகளில் வெயில் காய்வது அதற்கு உணவு போல் அவசியம். அதனால்தான் பனிக்காலத்தில் முதலைகளை அதிகமாகக் காண்கிறோம். தண்ணீரில் கால் நனைக்கும் ஆசையை இங்கே விட்டுவிடுங்கள். இங்கே மழை இல்லை என்பதற்காக நீர் உயராது என்று எண்ணவும் கூடாது. மேலே கர்நாடக அணைகளில் திறந்த நீர் இங்கே வந்து சேரும்போது வானத்தில் ஒரு மேகமும் இராது. வந்தவுடன் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்து, போகும்போது பாருங்கள்.

இனி தலையை நிமிர்த்துங்கள். மருதங்கிளைகளின் கவட்டில் இலையும் சுள்ளியும் சேர்த்துக் கட்டிய பெரிய உருண்டைக் கூடு இருக்கிறதா? பருந்துக் கூடு என்று நினைத்துவிடாதீர்கள். சாம்பல் நிற மலை அணிலின் கூடாக இருக்கலாம். நம் வீட்டு முற்றத்து அணிலைப் போல் பல மடங்கு பெரியது. உடலின் நீளத்துக்கு ஒத்த அடர்ந்த வால் உண்டு. உலகில் இது வாழும் இடங்கள் தென்னிந்தியாவின் சில காடுகளும் இலங்கையுமே. திருவில்லிபுத்தூரில் இதற்காகவே 1988-இல் ஒரு சரணாலயம் அமைத்தார்கள். 2021 முதல் அது புலிகள் காப்பகத்தின் பகுதி. காவிரியின் இந்தக் கரைக்காடு இதன் மற்றொரு புகலிடம்.

இந்த அணில் தரைக்கு இறங்குவது அரிது. மரத்துக்கு மரம் தாவியே இரை தேடும், துணை தேடும், பகைக்குத் தப்பும். கூட்டைக்கூட, அண்டை மரங்களின் கிளைகள் வந்து தொடும் மரத்தில்தான் கட்டும். பச்சை நாடாவில் நாலு மரம் விழுந்து ஓர் இடைவெளி ஏற்பட்டால் நமக்கு அது ஒரு நல்ல காட்சி முனை. அணிலுக்கோ பாலம் அறுந்த சாலை. மேற்பக்கத்து அணில்களும் கீழ்ப்பக்கத்து அணில்களும் இரண்டு தனித்தனி ஊராகிவிடும். உங்கள் குறிப்பேட்டில் ஒரு வேலை: ஒரு கிலோமீட்டர் நடக்கும்போது, இரண்டு மர உச்சிகளுக்கிடையே ஒரு பேருந்தின் நீளத்துக்கு மேல் வானம் தெரியும் இடங்கள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் அதே பாதையில் எண்ணினால் அந்த எண்ணிக்கை வனத்துறைக்கே பயன்படும்.

நடுப்பகலில் ஒரு குச்சி

ஒரு மீட்டர் குச்சியை மணலில் செங்குத்தாக நட்டு, நடுப்பகலில் அதன் மிகக் குட்டையான நிழலை அளந்து பாருங்கள். நம் பகுதியின் அட்சம் ஏறத்தாழ 12.3° வடக்கு. டிசம்பர் 22 அன்று சூரியன் 23.4° தெற்கே இருக்கிறது. இரண்டையும் கூட்டி 90-லிருந்து கழித்தால், நடுப்பகலில் சூரியனின் உயரம் 54° சொச்சம். நிழல் 72 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இப்படிச் சாய்ந்து விழும் வெயில், தலைக்கு நேரே விழும் வெயிலைவிட அதிகமான பரப்பில் பரவுகிறது. ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பகலும் 11 மணி 24 நிமிடம்தான். குளிர்காலத்தின் முழுக் கணக்கும் இதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரு வேடிக்கையும் உண்டு: மிகக் குறுகிய பகல் டிசம்பர் 22 என்றாலும், நம் ஊரில் சூரியன் மிகத் தாமதமாக எழுவது ஜனவரி மூன்றாம், நான்காம் வாரத்தில். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுதும் ஒரே சீராக இல்லாததும், அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து நம் கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் இடையே உண்டாக்கும் பிணக்கு அது.

உச்சிவெயிலில் மறுபடி ஒரு பிடி மண்ணைத் தூவிப் பாருங்கள். காலையில் ஆற்றை நோக்கிப் போன துகள்கள் இப்போது சரிவின் மேல் நோக்கிப் போகும். வெயில் பட்ட சரிவில் காற்று சூடாகி மேலேறுகிறது. பள்ளத்தாக்கின் காற்றை இழுத்துக்கொள்கிறது. காற்றின் ஆறு திசை மாறிவிட்டது. தை மாதத்தில் இது இதமான தென்றல். பங்குனியில், புல்லும் சருகும் காய்ந்த பிறகு, இதே காற்றுக்கு வேறு முகம் உண்டு. சரிவில் பற்றும் தீயின் நாக்கு மேலே உள்ள புல்லை நோக்கிச் சாய்ந்து, அதை எரியுமுன்பே உலர்த்திவிடுகிறது. சரிவு 10° கூடினால் தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் போன கூட்டத்தைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் காட்டு நடைக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டிகளோடு மட்டும் நடக்கத் திறந்துவிட்டது. காட்டு நடைக்குப் பனிக்காலத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் குளிர்ச்சி மட்டும் காரணமல்ல. சருகில் இன்னும் ஈரம் இருக்கும் காலம் இது.

மூன்று மணிக்குக் குச்சியைப் பிடுங்கி, வெப்பமானிகளை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். நான்கு மணிக்குள் பேருந்தில் இருந்தால் நல்லது. மேற்குச் சரிவின் நிழல் ஆற்றின் மேல் விழுந்ததும் நிலம் குளிரத் தொடங்கும். காற்று மறுபடி கீழ்நோக்கித் திரும்பும். ஊர்களில் அடுப்புப் புகை பனை உயரத்தில் தட்டையாகும். தொலைதூரச் சத்தங்கள் தெளிவாகும் அந்த நேரத்தில் யானைகள் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு தண்ணீருக்கு இறங்கும்.